கடைசி வரியைப் படிங்க, முகோயா சார்

நங்கோபி: ...பிரிண்டர்ல பேப்பர் வெச்சாச்சா?

முகோயா: வெச்சாச்சு.

நங்கோபி: மை?

முகோயா: இருக்கு.

நங்கோபி: அப்புறம் ஏன் சார் ஒரு மணி நேரமா அந்தக் கம்ப்யூட்டரை முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க? அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?

முகோயா: யோசிக்கிறேன். நீ போய் உன் வேலையைப் பாரு.

நங்கோபி: பார்க்கத்தானே வந்தேன். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடுப்பூசின்னு உங்க பட்டியல் சொன்னாத்தான் நான் பெட்டியில ஐஸ் வெச்சு அடுக்க முடியும். நாப்பத்திமூணு பெட்டி வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அதுங்களோட நானும் நிக்கிறேன்.

முகோயா: வரும்... வரும்.

நங்கோபி: தலைநகர் அமைச்சகத்துலேர்ந்து கம்பாலாக்காரங்களும் வருவாங்க. பத்து மணிக்கு. இப்ப ஒன்பது இருபது.

முகோயா: எனக்கு மணி பார்க்கத் தெரியாதா?

நங்கோபி: தெரியும், தெரியும். புதுக் கோட்டு, புது டை... எனக்கே கம்பாலாவுல இறங்கின மாதிரி இருக்கு. உங்க வீட்டம்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சில நன்றிக் காணிக்கை கொடுத்தாங்களே, ஒரு சேவல்...

முகோயா: அதுக்கு இப்ப என்ன?

நங்கோபி: மைக்கைப் பிடிச்சுச் சாட்சி சொன்னாங்க சார். "என் வீட்டுக்காரர் எழுதின தடுப்பூசிப் பட்டியல் புரோகிராமை எல்லா மாவட்டத்துக்கும் எடுத்துக்கப் போறாங்க. எழுதினவரைக் கம்பாலாவுக்கே கூப்பிட்டுக்கப் போறாங்க"ன்னு. சர்ச்சே கை தட்டிச்சு. பாதிரியார் ரெண்டு தடவை தட்டினார்.

முகோயா: அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நங்கோபி: சேவலுக்கும்தான். காணிக்கை ஏலத்துல நான்தான் எடுத்தேன். நேரங்கெட்ட நேரத்துல கூவுது... சார், அது என்ன சிவப்பா?

முகோயா: எது?

நங்கோபி: திரையில. சிவப்பு எழுத்து.

முகோயா: அது... அப்டேட்.

நங்கோபி: அப்டேட்டுக்கா இப்படி வேர்க்குது?

முகோயா: நங்கோபி!

நங்கோபி: சரி சரி. நான் ஒண்ணு சொல்லவா? லமுனுவைக் கூப்பிடுங்க.

முகோயா: அவளை எதுக்கு? இந்தப் புரோகிராமை எழுதினது நான்.

நங்கோபி: ஆமாமா, நீங்கதான். சர்ச்சே கேட்டுச்சே. ஆனா எட்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்தப் பொண்ணு உங்க பக்கத்து மேஜையில உட்கார்ந்து நாள் பூரா தட்டிக்கிட்டே இருந்தாளே... அது என்ன, சப்பாத்தி மாவா?

முகோயா: உதவி பண்ணினா. இல்லேன்னு சொல்லலையே.

நங்கோபி: அவ்வளவு உதவி பண்ணினவளுக்கு வேலையை நீட்டிக்க வேண்டாம்னு எழுதிட்டீங்களே சார். "புரோகிராம் தானாகவே ஓடுகிறது, அதற்கென்று தனியாக ஆள் தேவையில்லை"ன்னு.

முகோயா: அது ரகசியக் கடிதம்! யார் சொன்னது உனக்கு?

நங்கோபி: யாரும் சொல்லலை. நீங்கதான் பிரிண்ட் போட்டு, எடுக்காம அதிலேயே விட்டுட்டுப் போனீங்க. நான் தடுப்பூசிக் கணக்குன்னு நினைச்சு ரெண்டு தடவை படிச்சேன்.

முகோயா: அதை விடு. மணி என்ன?

நங்கோபி: ஒன்பது இருபத்தஞ்சு.

முகோயா: அவ நம்பர் வெச்சிருக்கியா?

நங்கோபி: வெச்சிருக்கேனா? அவளோட சித்தியும் நானும் ஒரே பாட்டுக் குழு. இந்தாங்க, அடிச்சே கொடுத்துட்டேன். ஸ்பீக்கர்ல போட்டு மேஜையில வெச்சுக்குங்க. தட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணுமே.

லமுனு: ஹலோ, அக்கா?

முகோயா: லமுனு! தங்கச்சி! நான்தான் முகோயா. எப்படி இருக்கே? வீட்டுல எல்லாரும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி? உங்க ஊர் குலுவுல மழை எப்படி? தம்பி பரீட்சை முடிச்சுட்டானா? பயிரெல்லாம்...

லமுனு: எட்டு மாசத்து நலம் விசாரிப்பையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டீங்க. எல்லாரும் சுகம். தம்பி பரீட்சை போன வருஷமே முடிஞ்சது. நான் எப்போ தங்கச்சி ஆனேன்?

முகோயா: எப்பவுமே நீ தங்கச்சிதான். சத்தமா இருக்கே, எங்கே இருக்கே?

லமுனு: வண்டியில போய்க்கிட்டிருக்கேன். சொல்லுங்க.

முகோயா: வேற ஒண்ணுமில்லை. என் நண்பன் ஒருத்தன்... உனக்குத் தெரியாது, மசாக்காக்காரன்... அவன் பைத்தான்ல ஏதோ புரோகிராம் எழுதியிருக்கான். திடீர்னு ஓட மாட்டேங்குதாம்.

லமுனு: மசாக்காவுலயா?

முகோயா: ஆமா.

நங்கோபி: அங்கேயும் நாப்பத்திமூணு பெட்டி காத்துக்கிட்டிருக்குதாம்மா.

முகோயா: நங்கோபி!

லமுனு: அக்கா, சௌக்கியமா?

நங்கோபி: இருக்கேன்மா. நண்பருக்குத்தான் உடம்பு சரியில்லை. என் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கார். புதுக் கோட்டு.

முகோயா: சரி... நம்ம பட்டியல்தான். போதுமா? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு. காலையில வந்து தட்டினா நின்னுடுச்சு. நான் எதையும் தொடலை.

லமுனு: யாரும் எதையும் தொட்டதே கிடையாது. இந்த நாட்டுல எல்லா மெஷினும் தன்னாலதான் நிக்கும். என்ன எழுதியிருக்கு திரையில?

முகோயா: பெருசா ஒண்ணுமில்லை. "இம்போர்ட்"னு என்னமோ...

லமுனு: அப்படியா? அது சின்ன விஷயம்தான். ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்யாது சார். வேற ஃபைல்களைத் துணைக்குக் கூப்பிடும். அந்த ஃபைலுக்குத்தான் மாட்யூல்னு பேர். கூப்பிட்ட ஆள் வரலைன்னா இப்படிச் சிவப்பாக் கத்தும். யாரைக் கூப்பிட்டு யார் வரலைன்னு கடைசி வரியில எழுதியிருக்கும். படிங்க.

முகோயா: "ட்ரேஸ்பேக்..."

லமுனு: அது முதல் வரி.

முகோயா: "ஃபைல் மெயின், லைன் மூணு..."

லமுனு: அது நடு வரி.

முகோயா: "இன் மாட்யூல்..."

லமுனு: அதுவும் நடு. கடைசி வரி சார். எல்லாத்துக்கும் கீழ.

முகோயா: கீழ... திரை கொஞ்சம் மங்கலா இருக்கு.

நங்கோபி: எனக்கு நல்லா...

முகோயா: நங்கோபி, டீ வெச்சியா?

நங்கோபி: உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆடை கூடப் படிஞ்சு போச்சு.

லமுனு: நேரம் போகுது சார். எந்த மாட்யூல் இல்லைங்குது? பாண்டாஸா?

முகோயா: ஆ... ஆமா! அதேதான். பாண்டாஸ்.

லமுனு: நிச்சயமா?

முகோயா: கண்ணு முன்னாடி இருக்கு.

லமுனு: அது ஊருக்கெல்லாம் பொதுவான மாட்யூல். வெளியிலேர்ந்து இறக்கிக்கலாம். "பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்"னு அடிங்க.

முகோயா: அடிச்சேன்... ஓடுது... "ஏற்கெனவே இருக்கிறது"ன்னு சொல்லுது.

லமுனு: அப்போ உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. மெஷினுக்குக் கம்பாலா போற ஆசை கிடையாது.

நங்கோபி: அய்யோ!

முகோயா: இதுக்கு எதுக்குச் சிரிக்கிறே?

நங்கோபி: இருமினேன் சார்.

லமுனு: சரி, ஒருவேளை மெஷின் மேலயும் தப்பு இருக்கலாம். புதுசா ஏதாவது ஏத்தினீங்களா?

முகோயா: இல்லை... அதாவது, காலையில மைத்துனனைக் கேட்டேன். பழைய பைத்தான் சரியில்லை, புதுசு ஏத்துங்கன்னான்.

லமுனு: ஏத்தினீங்களா?

முகோயா: ஏத்தினேன்.

லமுனு: எதையும் தொடலைன்னீங்க?

முகோயா: காலையில தொட்டேன். நேத்து தொடலை.

லமுனு: இப்ப உங்க வீட்டுல ரெண்டு சமையலறை. சாமானை ஒண்ணுல இறக்கிட்டு இன்னொண்ணுல நின்னுக்கிட்டு உப்பு எங்கேன்னு தேடிட்டிருக்கீங்களோ என்னமோ. "வேர் பைத்தான்"னு அடிங்க. ரெண்டு வரி வரும். பழையதோட முழு முகவரியையும் அடிச்சு, அதால புரோகிராமை ஓட்டுங்க.

முகோயா: இரு... நீளமா இருக்கு... ம்... ஓட்டிட்டேன்.

லமுனு: ஓடுதா?

முகோயா: ...மறுபடியும் சிவப்பு.

லமுனு: அதே கடைசி வரியா?

முகோயா: அதே வரிதான்.

லமுனு: அதாவது, பாண்டாஸ்.

முகோயா: ...ம்.

நங்கோபி: ஒன்பது முப்பத்தேழு.

முகோயா: நீ கடிகாரமா, மனுஷியா?

லமுனு: இன்னும் ஒரு வழி இருக்கு. ஃபைலை ஒரு இடத்துல வெச்சுட்டு வேற இடத்துல நின்னு கூப்பிட்டாலும் வராது. நீங்க நிக்கிற ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு பார்ப்போம். "டிர்"னு மூணு எழுத்து அடிங்க. வர்ற பேரையெல்லாம் ஒண்ணு விடாம படிங்க.

முகோயா: "மெயின்"... "ஆஸ்பத்திரிகள்"... "குளிர்பெட்டிகள்"... "படகுத் துறைகள்"... "சாலைகள்"... "முத்திரை"... அவ்வளவுதான்.

நங்கோபி: நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்களே சார்.

முகோயா: எதையும் விடலை.

நங்கோபி: குளிர்பெட்டிக்கும் படகுத் துறைக்கும் நடுவுல. நான் கண்ணாடி போடலைதான், ஆனா அவ்வளவு மோசமில்லை. "லமுனு"ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. லமுனு புள்ளி பிஒய்.

லமுனு: இருக்கா? சந்தோஷம். அதுதான் என் ஃபைல். கணக்கெல்லாம் அதுக்குள்ளதான். மெயின் சும்மா வாசல்காரன். உள்ளே வந்ததும் "லமுனு, வா"ன்னு கூப்பிடுவான். ஃபைல் இருக்கு, பாண்டாஸ் இருக்கு, பைத்தான் ஒண்ணுக்கு ரெண்டு இருக்கு. அப்புறம் எது இல்லைன்னு கத்துது?

முகோயா: அதைத்தானே உன்கிட்டக் கேட்கிறேன்.

லமுனு: அக்கா.

நங்கோபி: சொல்லும்மா.

லமுனு: கண்ணாடி போட்டுக்கிட்டு நீங்க படிங்க. கடைசி வரி.

முகோயா: வேண்டாம்... லமுனு, கேளு... நங்கோபி, கையை எடு!

நங்கோபி: "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்"... புள்ளி புள்ளி... "நோ மாட்யூல் நேம்டு..."

லமுனு: நேம்டு?

நங்கோபி: "...முகோயா."

லமுனு: இன்னொரு தடவை படிங்கக்கா.

நங்கோபி: முகோயாங்கிற பேர்ல எந்த மாட்யூலும் இல்லையாம். எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?

லமுனு: போதும்க்கா. நல்லாக் கேட்டுச்சு.

முகோயா: லமுனு, இது எப்படி வந்துச்சுன்னு எனக்கே...

லமுனு: சார், நேத்து சாயங்காலம் என்ன பண்ணினீங்க?

முகோயா: ஒண்ணும்...

லமுனு: சார்.

முகோயா: ...கம்பாலாக்காரங்க வர்றாங்க. புரோகிராமைத் திறந்து பெரிய திரையில போட்டுக் காட்டச் சொல்வாங்கன்னு ஒருத்தர் சொன்னார். திறந்து பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் உன் பேரா இருந்துச்சு. சங்கடமா இருக்குமேன்னு...

லமுனு: யாருக்குச் சங்கடம்?

முகோயா: பொதுவா.

லமுனு: எத்தனை இடம்?

முகோயா: அறுபத்தோரு இடம்னு மெஷின் சொல்லிச்சு.

லமுனு: ஒவ்வொண்ணாப் பார்த்து மாத்தினீங்களா?

முகோயா: "எல்லாவற்றையும் மாற்று"ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு.

நங்கோபி: ஒரே அமுக்கு! மூணு வருஷத்து வேலை!

லமுனு: ஃபைலுக்குள்ள இருந்த பேரையெல்லாம் மாத்திட்டீங்க. ஃபைலுக்கு வெளியே, கதவுல எழுதியிருக்கிற பேரை மாத்தலை. அதை அந்தப் பட்டன் தொடாது. இப்ப மெயின் என்ன பண்ணும்? நீங்க சொல்லிக்கொடுத்தபடி "முகோயா, வா"ன்னு கூப்பிடுது. அங்கே கதவுல இருக்கிற பேர் லமுனு. ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கு, கூப்பிடுற பேர் வேற. எப்படி வரும்?

முகோயா: இவ்வளவுதானா?

லமுனு: இவ்வளவேதான். ஆமா, "பிப் இன்ஸ்டால் முகோயா"ன்னு அடிச்சுப் பார்த்தீங்களா?

நங்கோபி: அடிச்சார்மா. நான் டீ கொண்டு வந்தப்ப அதைத்தான் தட்டிக்கிட்டிருந்தார். மூணு தடவை.

லமுனு: பாவம், உலகத்துல இருக்கிற கிடங்கையெல்லாம் தேடியிருக்கும்.

முகோயா: கிண்டல் பண்ணு. உனக்கு உரிமை இருக்கு. ஆனா என் நிலைமையையும் யோசிச்சுப் பாரு. கம்பாலாவுக்கு அனுப்புற பாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு லமுனு. "புரோகிராமை எழுதியவர்"னு. வெறுமனே விட்டா இந்த அலுவலகத்துக்கே கெட்ட பேர். எழுதினவரைத்தான் கம்பாலாவுக்கு எடுத்துப்பாங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சப்போ... வீட்டுல சொல்லிட்டேன். அவ சர்ச்சில சொல்லிட்டா.

லமுனு: கட்டத்துல என் பேரை எழுதியிருக்கலாமே. ஆறு எழுத்து. உங்க பேரும் ஆறு எழுத்துதான் ஆங்கிலத்துல. இடமும் பத்தும்.

முகோயா: நீதான் வேலையில இல்லையே அப்போ.

லமுனு: ஏன் இல்லை?

முகோயா: அதை இப்ப எதுக்கு...

லமுனு: எந்தப் பாதை மழையில மூழ்கும், எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை படகு போகும், எந்த ஊர்ல குளிர்பெட்டி பேருக்குத்தான் இருக்கு... நாப்பத்திமூணு நர்ஸையும் நான் ஃபோன்ல பிடிச்சுக் கேட்டு எழுதினது சார் அது. சிகுலு தீவு நர்ஸம்மா என்னைத் தன் மருமகளாக்கிக்கிறேன்னே சொல்லிட்டாங்க, அவ்வளவு பேசியிருக்கேன். நீங்க அப்போ எங்கே இருந்தீங்க தெரியுமா?

நங்கோபி: பயிற்சி முகாம்ல. எந்தப் பயிற்சின்னாலும் சார்தான் போவார். என்டெப்பேயில சாப்பாடு நல்லா இருக்குமாம்.

முகோயா: ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வறுத்து எடுங்க. ஆனா பத்து மணிக்கு அவங்க வந்துடுவாங்க. ஓடலைன்னா இந்த மாவட்டத்துக்கே வாய்ப்புப் போயிடும். உன் புரோகிராம்தான் குப்பைக்குப் போகும். சரியா?

லமுனு: "உன் புரோகிராம்"னு சொன்னீங்க.

முகோயா: வாய் தவறி வந்துடுச்சு.

நங்கோபி: மூணு வருஷத்துல முதல் தடவையா நல்லதாத் தவறியிருக்கு.

லமுனு: சரி. கேளுங்க. சரிபண்ண ரெண்டு வழி இருக்கு. ரெண்டுமே அரை நிமிஷ வேலை.

முகோயா: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். சொல்லு.

லமுனு: ஒண்ணு, ஃபைலோட பேரையே மாத்திடலாம். லமுனுங்கிற ஃபைலுக்கு முகோயான்னு பேர் வெச்சுட்டா, கூப்பிடுற பேரும் கதவுப் பேரும் ஒத்துப்போயிடும். திரையில எங்கே பார்த்தாலும் உங்க பேர்தான் இருக்கும். பட்டியல் தலைப்புலயும் "தயாரித்தவர் முகோயா"ன்னு வரும்.

முகோயா: ம்.

லமுனு: ரெண்டாவது, நேத்து அமுக்கின பட்டனையே திருப்பி அமுக்கலாம். முகோயாவைத் தேடி, எல்லா இடத்திலயும் லமுனுன்னு போடச் சொல்லலாம். தலைப்புலயும் பழையபடி என் பேர் வரும்.

முகோயா: எது நல்லா ஓடும்?

லமுனு: ரெண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். மெஷினுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

முகோயா: நீ எதைச் சொல்றே?

லமுனு: அதை நான் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் உங்க கையில இருக்கு.

முகோயா: அப்படிச் சொன்னா எப்படி...

நங்கோபி: ஒன்பது நாப்பத்தொன்பது. சார், நிதானமா யோசிச்சுச் செய்யுங்க. நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

முகோயா: திரும்பிக்கோ.

நங்கோபி: திரும்பிட்டேன்... ஜன்னல் கண்ணாடியை யாரு இப்படிப் பளபளன்னு துடைச்சது? எல்லாமே தெரியுதே.

முகோயா: நங்கோபி, வெளியே போ.

நங்கோபி: போறேன், போறேன்.

லமுனு: ஆச்சா சார்?

முகோயா: இரு... ஆச்சு. ஓட்டுறேன்... ஓடுது! லமுனு, ஓடுது! சிவப்பே இல்லை! பிரிண்டர் சத்தம் கேட்குதா? முதல் பக்கம் வந்துடுச்சு... ரெண்டாவது...

லமுனு: கேட்குது. எந்த வழி எடுத்தீங்க?

முகோயா: அது... ரெண்டாவது.

லமுனு: ரெண்டாவதா?

முகோயா: பின்னே? உன் பேரையே திருப்பிப் போட்டுட்டேன். நான் என்ன அவ்வளவு மோசமானவனா?

லமுனு: தலைப்புல என்ன வருது?

முகோயா: "தயாரித்தவர் லமுனு." கொட்டை எழுத்துல. பார்க்கவே அழகா இருக்கு.

லமுனு: சத்தியமா?

முகோயா: பிள்ளைங்க மேல சத்தியம்.

லமுனு: அக்கா, அங்கே இருக்கீங்களா?

நங்கோபி: கதவுப் பக்கம் இருக்கேன்மா.

லமுனு: தலைப்பைப் பார்த்தீங்களா?

நங்கோபி: இங்கேயிருந்து எழுத்துத் தெரியாதும்மா. காகிதம் வெள்ளையா இருக்கு. அதுவரைக்கும் சொல்லலாம்.

லமுனு: சரி. சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.

முகோயா: பாரு, உனக்கு என் மேல நம்பிக்கை இருக்கு. இந்த உதவியை மறக்கவே மாட்டேன். கம்பாலாக்காரங்க வரட்டும், உன்னைப் பத்தி நானே ஒரு நல்ல வார்த்தை சொல்றேன். நீ யாருன்னே அவங்களுக்குத் தெரியாது பாரு.

லமுனு: தெரியாதா?

முகோயா: எப்படித் தெரியும்? எட்டு மாசமா அவங்களுக்குத் தலைப்பை மறைச்சுத்தான் பட்டியல் அனுப்பிட்டிருக்கேன். ஒரு சந்தேகம், ஒரு விளக்கம்னு ஒரு ஃபோன் கூட வந்ததில்லை. அவ்வளவு சுத்தமான வேலை!

லமுனு: வந்துச்சு சார்.

முகோயா: என்ன வந்துச்சு?

லமுனு: ஃபோன். மாசத்துக்கு நாலஞ்சு. சில மாசம் பத்து.

முகோயா: யாருக்கு?

லமுனு: ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில "சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்"னு ஒரு நம்பர் அச்சாகும். பார்த்ததே இல்லையா? பேர் இருக்காது, வெறும் நம்பர். நீங்க பேரைத்தானே தேடி மாத்தினீங்க.

முகோயா: ...அது யார் நம்பர்?

லமுனு: இப்ப நீங்க பேசிக்கிட்டிருக்கிற நம்பர்.

முகோயா: உன் நம்பரா?

லமுனு: எட்டு மாசமா அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது நான். நான் அங்கே வேலையில இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. சொன்னா எழுதினது நான்தான்னு தெரியிறதுக்கு வேற வழியே இல்லாமப் போயிடுமோன்னு பயம். போன மாசம்தான் சொன்னேன். "அப்போ பாரத்துல இருக்கிற இந்த முகோயா யாரு?"ன்னு கேட்டாங்க. "நேர்ல வந்து பாருங்க"ன்னேன்.

முகோயா: லமுனு... நீ இப்ப எங்கே இருக்கே?

லமுனு: சொன்னேனே, வண்டியில. பின் சீட்டுல, கம்பாலாவுலேர்ந்து வர்ற பெரிய டாக்டரம்மாவுக்குப் பக்கத்துல. பாலத்துல நெரிசல் இல்லைன்னா அப்பவே வந்திருப்போம். ஹாரன் கேட்குதா? உங்க கேட்டுக்கு முன்னாடிதான் நிக்கிறோம்.

முகோயா: ஒரே ஒரு நிமிஷம்! லமுனு, அம்மா தாயே... அந்தப் பேரை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னே?

லமுனு: நீங்கதான் ஏற்கெனவே மாத்திட்டீங்களே சார். பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினீங்களே.

முகோயா: நங்கோபி! அந்தப் பேப்பரையெல்லாம் எடு! கேட்டைத் திறக்காதே! ஏய், உனக்கு... இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?

நங்கோபி: காலையில கம்பாலாக்காரங்க அஞ்சு பேருக்கு ஆறு நாற்காலி போட்டேன் சார். எதுக்கு ஆறுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்... நகருங்க, கேட் சாவி என்கிட்டதான் இருக்கு.